நிழலுக்கும் ஒரு சட்டம்



பட்டணத்துக்குப் போகும் பெரிய சாலையின் ஓரத்தில் கார் விற்கும் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். கடைக்கு முன்னே அகன்ற முற்றம் இருக்கும். முற்றம் முழுவதும் தாரோ சிமெண்டோ போட்டிருப்பார்கள். அதன்மேல் புதிய கார்கள் வரிசை வரிசையாக வெயிலில் பளபளக்கும். பேருந்தில் போகிறவர்களும் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். அந்த முற்றத்தில் எங்கே மரம் நிற்க வேண்டும், சாலையை ஒட்டி எவ்வளவு அகலத்துக்குச் செடி வைக்க வேண்டும் என்று உலகின் பல நகரங்களில் சட்டம் இருக்கிறது. இது நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். இன்றைய பேச்சு அந்தச் சட்டங்களின் வரலாற்றைப் பற்றியது.

கார்க்கடையில் செடி வைப்பதும் ஒரு வரலாறா என்று நீங்கள் கேட்கலாம். மன்னர்களின் போரும் முடிசூட்டு விழாவும் மட்டும் வரலாறு அல்ல. மக்கள் கூடி வாழும் இடத்தில் ஒருவர் தேவையும் மற்றவர் தேவையும் மோதுகின்றன. அப்போது ஊர் கூடி ஒரு முடிவுக்கு வருகிறது. அந்த முடிவுதான் பிறகு சட்டமாக எழுதப்படுகிறது. ஆகையால் ஒவ்வொரு சட்டத்துக்குப் பின்னாலும் ஒரு வழக்கு இருக்கிறது எனலாம். இங்கே வழக்கு நிழலைப் பற்றியது. கடைக்காரருக்குத் தம் பொருள் எல்லார் கண்ணிலும் பட வேண்டும். தெருவில் நடப்பவருக்கும் முற்றத்தில் வேலை செய்பவருக்கும் நிழல் வேண்டும். இந்த வழக்கில் தீர்ப்பு எப்படி அமைந்தது என்று பார்ப்போம்.

பழங்காலத்தில் நிழல் தருவது ஓர் அறமாகக் கருதப்பட்டது. இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கும் முன் வாழ்ந்த அசோகப் பேரரசர், மனிதருக்கும் விலங்குகளுக்கும் நிழல் கிடைக்கும்படி சாலையோரங்களில் ஆலமரம் வைக்கச் செய்ததாகத் தம் தூண் கல்வெட்டில் பொறித்திருக்கிறார். நம் நாட்டிலும் தைப்பிங் நகரத்தின் ஏரிப் பூங்காவைப் பார்த்தவர்கள் இதை எளிதில் உணர்வார்கள். ஈயம் தோண்டிக் கைவிடப்பட்ட நிலம் 1880ஆம் ஆண்டில் பூங்காவாக மாற்றப்பட்டது. அங்கே வைத்த தூங்குமூஞ்சி மரங்கள் இன்று சாலையைத் தாண்டித் தண்ணீர்மேல் கிளை நீட்டி நிற்கின்றன. ஆனால் இவையெல்லாம் ஆட்சியில் இருந்தவர்கள் பொது நிலத்தில் தாமாக விரும்பிச் செய்தவை. உன் சொந்த நிலத்திலும் நீ மரம் வைத்தாக வேண்டும் என்று ஒரு கடைக்காரரைப் பார்த்துச் சொல்லும் சட்டம் பரவலாக வந்தது மிகவும் பிற்காலத்தில்தான். அதற்குக் காரணம் மோட்டார் வண்டி.

அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டின் தொழிற்சாலை 1908ஆம் ஆண்டில் 'டி' மாடல் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1913ஆம் ஆண்டில் அங்கே ஓடும் பட்டையில் வைத்துக் காரைப் பூட்டும் முறை தொடங்கியது. அதனால் வேலை விரைந்தது, விலையும் இறங்கியது. 1927ஆம் ஆண்டுவரை அந்த ஒரு மாடலில் மட்டும் ஒன்றரைக் கோடி கார்கள் செய்யப்பட்டன. இத்தனை காருக்கும் டயர் வேண்டுமே! அந்த டயருக்குப் பால் எங்கிருந்து போயிற்று என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் பாட்டனும் பாட்டியும் வெட்டிய பால், கடல் கடந்து போய் அந்தச் சக்கரங்களில் உருண்டது. ஆகையால் காரின் வரலாறு நமக்கு அந்நியமான வரலாறு அல்ல.

கார் ஓடுவதற்குச் சாலை வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அது நிற்பதற்கும் இடம் வேண்டும் என்பதை நகரங்கள் மெதுவாகத்தான் உணர்ந்தன. சிங்கப்பூரில் ஒரு கார் நிற்கும் கட்டத்துக்கு 2.4 மீட்டர் அகலமும் 4.8 மீட்டர் நீளமும் குறைந்த அளவாக வைத்திருக்கிறார்கள். பெருக்கிப் பாருங்கள். பதினொன்றரைச் சதுர மீட்டர் வரும். அது ஒரு சிறிய படுக்கையறையின் அளவு. கார் உள்ளே வரவும் திரும்பவும் விடும் வழியைச் சேர்த்தால் ஏறக்குறைய இன்னொரு மடங்கு ஆகும். ஐம்பது கார் நிற்க வேண்டுமானால் ஆயிரம் சதுர மீட்டருக்குமேல் தார் போட வேண்டும்.

கார் விற்கும் கடைக்கு இதைவிடக் கூடுதல் இடம் தேவைப்பட்டது. அமெரிக்காவில் சாலைகள் நீண்டன. நிலமும் தாராளமாகக் கிடைத்தது. கடைக்காரர்கள் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையோரத்தில் பெரிய முற்றங்களை அமைத்து, நூற்றுக்கணக்கான கார்களை வெளியிலேயே நிறுத்தி விற்றார்கள். துணிக்கடைக்குக் கண்ணாடி அலமாரி எப்படியோ அப்படித்தான் கார்க்கடைக்கு அந்த முற்றம்.

மரத்தைக் கண்டால் கார்க்கடைக்காரருக்கு ஏன் பிடிக்கவில்லை என்பதையும் நியாயமாகக் கேட்டுப் பார்ப்போம். மரம் சாலையில் போகிறவரின் பார்வையை மறைக்கிறது. இலை உதிர்ந்து கார்மேல் விழுகிறது. சில மரங்களின் பிசின் சொட்டினால் சாயம் கெடும். பறவை எச்சம் விழுந்தால் உடனே கழுவ வேண்டும். கிளை ஒடிந்து விழுந்தால் புதிய கார் பழைய காராகிவிடும். இவையெல்லாம் உண்மையான இழப்புகள்தான். ஆகையால் அவர் இருந்த மரத்தையும் வெட்டிவிட்டுத் தார் போட்டார்.

ஆனால் அவருடைய முற்றத்தின் விளைவு அவருடைய எல்லையோடு நிற்கவில்லை. கருப்புத் தார் பகல் முழுவதும் வெயிலை உறிஞ்சுகிறது. மாலையில் அந்த வெப்பத்தைச் சுற்றுப்புறத்தின்மேல் விடுகிறது. மழை பெய்தால் நீர் மண்ணுக்குள் இறங்க வழியில்லை. எண்ணெயையும் அழுக்கையும் அடித்துக்கொண்டு அது நேரே கால்வாயில் போய் விழுகிறது. பக்கத்துத் தெருவில் வெள்ளம் நிற்கிறது. இலாபம் கடைக்காரருக்கும், வெப்பமும் வெள்ளமும் அண்டை அயலாருக்கும் என்று பங்கு பிரிந்தது. இங்கேதான் ஊர் தலையிட வேண்டியதாயிற்று.

முதலில் சட்டம் கை வைத்தது பழைய கார்களின் மேல்தான். அமெரிக்க நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் உடைந்த கார்களைக் குவித்துவைக்கும் பழைய இரும்புக் கொட்டகைகள் பெருகியிருந்தன. அதிபர் லிண்டன் ஜான்சனின் துணைவியார், லேடி பர்ட் ஜான்சன் என்று அழைக்கப்பட்டவர், சாலையோர அழகுக்காகப் பெரிதும் பாடுபட்டார். 1965ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் நெடுஞ்சாலை அழகுபடுத்தும் சட்டத்தில் அதிபர் கையெழுத்திட்டார். முக்கிய நெடுஞ்சாலையிலிருந்து 1,000 அடிக்குள் இருக்கும் இரும்புக் கொட்டகைகளைச் செடியாலோ வேலியாலோ மறைக்க வேண்டும், இல்லையேல் அகற்ற வேண்டும் என்பது அதன் ஒரு பகுதி. தனியார் நிலமானாலும், சாலையில் போகிறவர் கண்ணுக்கும் அதில் ஓர் உரிமை உண்டு என்ற கருத்து இவ்வாறு சட்டத்தில் ஏறியது.

அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் அமெரிக்காவின் சிறு நகரங்களும் பெரு நகரங்களும் புதிய கார் விற்கும் முற்றங்களுக்கும் விதிகளை எழுதின. ஊருக்கு ஊர் அளவு மாறும். ஆனாலும் பொதுவாக அவை ஒரே சாயலில் இருந்தன. முற்றத்துக்கும் சாலைக்கும் இடையே ஒரு செடிப் பட்டை விட வேண்டும். அதில் வைக்கும் புதர்ச்செடி இடுப்பளவுக்குமேல் வளரக் கூடாது. அப்போதுதான் காரும் தெரியும், தார்த் தரையும் மறையும். குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு மரம் வைக்க வேண்டும். அதன் கீழ்க்கிளைகளைக் கழித்து உயர்த்தி வளர்த்தால் அடியில் பார்வை தடைபடாது. செடிப் பட்டையின் ஓரத்தில் சிமெண்டுத் திட்டுக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் கார்ச் சக்கரம் ஏறி வேரை நசுக்கிவிடும். விற்பனைக்கு உள்ள காரைப் புல்மேல் ஏற்றி நிறுத்தக் கூடாது. செத்த செடிக்குப் பதில் புதுச் செடி வைக்க வேண்டும். இந்த விதிகளைக் கவனித்தால், இரு பக்கத்தின் வாதத்தையும் கேட்ட பிறகே எழுதப்பட்டவை என்பது விளங்கும்.

இவற்றுள் பலரும் எடுத்துக்காட்டாகச் சொல்லும் ஒரு சட்டத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம். அமெரிக்காவின் மேற்குக் கரையில் கலிபோர்னியா மாநிலம் இருக்கிறது. அதன் தலைநகரம் சாக்ரமெண்டோ. 1849ஆம் ஆண்டுத் தங்க வேட்டைக் காலத்தில் எழுந்த ஊர் அது. கோடையில் அங்கே மழை பெய்வது அரிது. வெப்பம் பல நாள் 38 டிகிரி செல்சியசைத் தாண்டும். அந்த நகரம் 1983ஆம் ஆண்டில் கார் நிறுத்துமிடங்களுக்கென்று நிழல் சட்டம் ஒன்றை இயற்றியது. புதிதாகக் கார் நிறுத்துமிடம் அமைப்பவர், 15 ஆண்டுகளுக்குள் அதன் தரையில் பாதிக்கு மர நிழல் விழும்படி மரம் வைக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

இத்தனை மரம் வை என்று அந்தச் சட்டம் எண்ணிக்கை சொல்லவில்லை. இவ்வளவு நிழல் கொடு என்றுதான் சொன்னது. மர எண்ணிக்கையைச் சொன்னால் குச்சி போன்ற செடிகளை வைத்துக் கணக்குக் காட்டிவிடலாம். நிழலைக் கேட்டால் கிளை பரப்பும் மரம் வைக்க வேண்டும். எந்த மரம் 15 ஆண்டில் எவ்வளவு அகலம் பரவும் என்று நகராட்சி ஒரு பட்டியல் வைத்திருந்தது. வரைபடத்தில் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு வட்டம் போட்டுப் பார்ப்பார்கள். வட்டம் முழுவதும் தார்மேல் விழுந்தால் முழு மதிப்பு. எல்லையோரத்து மரமானால் முக்கால், அரை, கால் என்று மதிப்புக் குறையும்.

பள்ளிப் பிள்ளைகள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பத்து மீட்டர் அகலம் பரவும் ஒரு மரத்தின் நிழல் ஏறக்குறைய 78 சதுர மீட்டர். நாம் முன்னே சொன்ன ஐம்பது கார் முற்றம், வழியும் சேர்த்து, 1,150 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி 575. நடுவில் வைத்தால் எட்டு மரம் போதும். எல்லாவற்றையும் ஓரத்திலேயே வைத்தால் அரை மதிப்புத்தான் கிடைக்கும். அப்போது பதினைந்து மரம் வேண்டும். மரத்தை நடுவில் வைப்பது யாருக்கும் விருப்பமில்லாத காரியம். ஆனால் கணக்கு அவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

இனி நம் கார்க்கடைக்கு வருவோம். விற்பனைக்காகக் கார்களைக் காட்சிக்கு வைக்கும் இடத்தையும், பழுது பார்க்கும் இடத்தையும், சேர்த்துவைக்கும் இடத்தையும் சாக்ரமெண்டோ நகரம் இந்த நிழல் கணக்கிலிருந்து விலக்கியது. ஆனால் அதே கடைக்கு வரும் வாடிக்கையாளரும் அங்கே வேலை செய்வோரும் தங்கள் வண்டியை நிறுத்தச் சட்டப்படி ஒதுக்க வேண்டிய இடம் இருக்கிறது அல்லவா? அதற்கு விலக்குக் கொடுக்கவில்லை. அங்கே நிழல் கொடுத்தே ஆக வேண்டும். காட்சிப் பொருள் வெயிலில் நிற்கட்டும், மனிதர் வந்து போகும் இடத்தில் நிழல் இருக்கட்டும் என்பதே அந்தத் தீர்ப்பு. கடைக்காரர் கேட்டதில் நியாயமானது கிடைத்தது. கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. நல்ல தீர்ப்புக்கு இது ஓர் அடையாளம்.

இந்தத் தீர்ப்பில் ஒரு குறையும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. காட்சி முற்றத்தில் நாள் முழுவதும் கார் கழுவுகிறவரும் அவற்றை எடுத்து ஒதுக்கி நிறுத்துகிறவரும் மனிதர்தாம். விலக்குக் கொடுக்கப்பட்ட தரையில் நின்றுதான் அவர்கள் வேலை செய்கிறார்கள். காருக்காகக் கொடுத்த விலக்கு, காரோடு நிற்கும் தொழிலாளியின் தலைமேலும் வெயிலைக் கொண்டுவந்துவிடுகிறது. யாருடைய நிழல் கணக்கில் சேர்ந்தது, யாருடையது சேரவில்லை என்று எந்தச் சட்டத்தையும் கேட்டுப் பார்ப்பது நல்லது.

ஒருமுறை வகுப்பில் இதைப் பற்றிச் சொன்னபோது ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து, "சார், கார் நிழலில் நின்றால் காருக்கு என்ன லாபம்? அதற்கு வெயில் தெரியுமா?" என்று கேட்டான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். கேள்வி சரியான கேள்விதான். சாக்ரமெண்டோவுக்கு அருகில் டேவிஸ் என்ற ஊர் இருக்கிறது. அங்கே மர நிழலில் நின்ற கார்களையும் வெயிலில் நின்ற கார்களையும் அறிஞர்கள் அளந்து பார்த்து, 1999ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். நிழலில் நின்ற காரின் உட்புறம் சில வேளைகளில் 26 டிகிரி செல்சியஸ் வரை குறைவாக இருந்தது. தார்த் தரை 20 டிகிரி வரை குறைந்திருந்தது. பெட்ரோல் தொட்டியின் வெப்பமும் ஏறக்குறைய நான்கு டிகிரி தணிந்திருந்தது. தொட்டி சூடேறினால், எஞ்சின் நின்றிருந்தாலும் பெட்ரோல் ஆவியாகி வெளியேறும். அந்த ஆவி வெயிலில் பட்டுக் காற்றை நச்சாக்கும். ஆகையால் நிழலால் வரும் லாபம் காருக்கு மட்டும் அல்ல. அந்தக் காற்றை மூச்சில் இழுக்கும் எல்லாருக்கும் உண்டு.

சட்டம் எழுதியதும் நிழல் வந்துவிட்டதா? இதுவும் வரலாற்றில் ஒரு பாடம். 2001ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வுக்காகச் சாக்ரமெண்டோவில் 15 கார் நிறுத்துமிடங்களை அளந்தார்கள். அப்போது இருந்த நிழல் நூற்றுக்கு 14 பங்குதான். அதிலும் ஏறக்குறைய பாதி கூரைக் கொட்டகையின் நிழல். அந்த இடங்கள் எல்லாம் 15 வயதை எட்டும்போதும் நிழல் 27 பங்குக்குத்தான் வரும் என்று கணக்கிட்டார்கள். சட்டம் கேட்டதோ 50 பங்கு. வரைபடத்தில் போட்ட வட்டம் நிலத்தில் வளரவில்லை.

கார் முற்றத்தில் மரம் ஏன் இப்படிக் குன்றிப்போகிறது என்பது, மண்ணைத் தொட்டு வேலை செய்த உங்களுக்கு உடனே விளங்கும். சிமெண்டுத் தொட்டி போன்ற சிறு குழியில் மரத்தை வைக்கிறார்கள். சுற்றிலும் உருளை போட்டு இறுக்கிய மண். வேருக்குக் காற்றும் இல்லை, நீரும் இல்லை. விளக்குக் கம்பத்துக்கும் பெயர்ப் பலகைக்கும் பக்கத்தில் மரத்தை வைத்துவிட்டு, மறைக்கிறது என்று கிளையை மொட்டையடிக்கிறார்கள். செத்த மரத்துக்குப் பதில் வைக்க மறந்துவிடுகிறார்கள். நட்டவர் கடமை நட்ட அன்றே முடிந்தது என்று எண்ணினால் நிழல் எப்படி வரும்?

அமெரிக்காவின் கதை இதுவானால், நமக்கு அடுத்த வீடான சிங்கப்பூரின் கதையும் கேட்கத் தக்கது. 1963ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், பிரதமர் லீ குவான் இயூ ஃபேரர் சாலைச் சந்திப்பில் ஒரு மெம்பாட் மரத்தை நட்டு, மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். 1967ஆம் ஆண்டில் சிங்கப்பூரைப் பூந்தோட்ட நகரமாக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. மரங்களைக் கவனிக்கப் பொதுப்பணித் துறையில் தனிப் பிரிவும் ஏற்பட்டது. 1971ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் முதல் மரம் நடும் நாள் கொண்டாடப்பட்டது. நவம்பர் மாதத்தைத் தேர்ந்ததிலும் பொருள் உண்டு. அது மழைக்காலம். வானமே தண்ணீர் ஊற்றும்.

நட்டவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, நாம் நன்கறிந்த தூங்குமூஞ்சி மரம். தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த இந்த மரம் 1876ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டது. மாலையிலும் மழை மேகம் கூடும் போதும் இதன் இலை மூடிக்கொள்ளும். அதனால் மலாய் மக்கள் இதை ஐந்து மணி மரம் என்னும் பொருளில் 'புக்குல் லீமா' என்றும் சொல்வார்கள். இலை மூடுவதால் மழைநீர் அடிமண்ணுக்கு இறங்கும். மற்றொன்று அங்சானா மரம். நம் முன்னோர் போற்றிய வேங்கை மரத்தின் இனத்தைச் சேர்ந்தது. இதன் பருத்த கிளையை வெட்டி நட்டாலே வேர்பிடித்துத் தழைக்கும். விரைவில் நிழல் வேண்டிய நகரத்துக்கு அது கைகொடுத்தது.

அரசாங்க நிலத்தில் மட்டும் மரம் வைத்தால் போதாது என்று சிங்கப்பூர் விரைவில் கண்டுகொண்டது. 1975ஆம் ஆண்டில் பூங்காக்கள், மரங்கள் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி அரசாங்கத் துறைகளும் தனியார் கட்டட நிறுவனங்களும் சாலையோரத்திலும் திறந்த கார் நிறுத்துமிடங்களிலும் மரத்துக்கென இடம் ஒதுக்க வேண்டியதாயிற்று. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2005ஆம் ஆண்டில் புதுப்பிக்கப்பட்ட சட்டம் வந்தது. கார் நிறுத்துமிடங்களில் மரத்தின் அடியைச் சுற்றித் துளையுள்ள சிமெண்டுப் பலகைகளைப் பதித்தார்கள். அதன்மேல் காரும் நிற்கலாம், துளை வழியே புல்லும் முளைக்கும், காற்றும் நீரும் வேருக்குப் போகும். சிறிய பலகைதான். ஆனால் வேரை நினைத்துச் செய்த பலகை. 1974ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் நட்டு வளர்த்த மரங்கள் 1,58,600 என்றும், 2014ஆம் ஆண்டில் 14 லட்சம் என்றும் கணக்குச் சொல்கிறது. நிலம் அரிதான அந்தத் தீவில் காரைக் கட்டடத்துக்குள் மாடி மாடியாக வைத்து விற்கும் கடைகளும் எழுந்தன. காருக்குக் கூரை, சாலைக்கு மரம் என்று அங்கே வேறு வகையில் வழக்குத் தீர்ந்தது.

நம் மலேசியாவிலும் சட்டம் இல்லாமல் இல்லை. தீபகற்பத்தில் 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டச் சட்டம் நிலப் பயன்பாட்டை ஒழுங்குபடுத்துகிறது. 1995ஆம் ஆண்டில் அதில் மரப் பாதுகாப்புக்கென ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. சுற்றளவு 0.8 மீட்டருக்குமேல் உள்ள மரத்தை ஊராட்சித் திட்ட அதிகாரிகளின் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்பது பொது விதி. செத்துக்கொண்டிருக்கும் மரத்துக்கும் ஆபத்தான மரத்துக்கும் விலக்கு உண்டு. பால் வெட்டத் தயாரான ரப்பர் மரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 45 முதல் 50 சென்டிமீட்டர் என்பது உங்களுக்குத் தெரியும். அதைவிடப் பருத்த மரம் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புதிய கட்டடத்துக்கு அனுமதி கேட்பவர், இருக்கும் மரத்தை எப்படிக் காப்பார், புதிதாக எங்கே நடுவார் என்று வரைபடத்தில் காட்ட வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் சேர்ந்தது. அடுத்த ஆண்டு, 1996இல், தேசிய நிலவனப்புத் துறை அமைக்கப்பட்டது.

நேயர்களே, இதெல்லாம் தோட்டத்தில் வாழும் நமக்கு எதற்கு என்று எண்ண வேண்டாம். நம் பிள்ளைகள் பலர் பட்டணத்துக்கு வேலைக்குப் போகிறார்கள். சிலர் கார்க்கடையிலும் பட்டறையிலும் வேலை பார்க்கிறார்கள். பல தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியதை நாம் கண்டிருக்கிறோம். காலையில் பெரட்டுக் களத்துக்கு நடந்தபோது தலைக்குமேல் மரம் இருந்தது. ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டபோதும் பக்கத்தில் மரம் இருந்தது. அந்த நிழலுக்கு நாம் விலை கொடுத்ததில்லை. ஆகையால் அதன் மதிப்பை எண்ணிப் பார்த்ததும் இல்லை. அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோய், கீழே தார்த் தரையும் கார்களும் மட்டும் இருப்பதைக் காணும்போதுதான் ஏதோ ஒன்று குறைகிறது என்று தெரிகிறது. அங்கே தாமாக முளைக்கும் நிழல் இல்லை. கேட்டுப் பெற வேண்டிய நிழல்தான் உண்டு.

கேட்பதற்கு நமக்குத் தகுதியும் இருக்கிறது. குழி எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டும், கன்றுக்குக் கன்று எவ்வளவு இடைவெளி விட வேண்டும், எந்த மாதத்தில் நட்டால் பிழைக்கும் என்பதைப் படித்த அதிகாரிக்கும் சொல்லித்தரக் கூடியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ரப்பர்க் கன்றை நட்டு, ஆறேழு ஆண்டு களையெடுத்து, உரமிட்டுக் காத்திருந்து, பிறகே பாலைக் கண்டவர்கள் நாம். பதினைந்து ஆண்டு என்றால் இன்று பிறந்த பிள்ளை மூன்றாம் படிவம் படிக்கும் காலம். அவ்வளவு காலம் ஒரு மரத்துக்காகக் காத்திருப்பது பட்டணத்தாருக்குப் பெரிதாகத் தோன்றலாம். நமக்கு அது பழகிய காரியம்.

ஆகவே புதிய குடியிருப்பிலோ கடைத் தெருவிலோ கார் நிறுத்துமிடம் அமைக்கப்படும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மரத்துக்கு விட்ட மண் எவ்வளவு? நட்ட பிறகு யார் பொறுப்பு? நிழல் யார் தலைமேல் விழும்? குடியிருப்போர் சங்கத்திலும் நகராட்சி மன்ற உறுப்பினரிடமும் இவற்றை மரியாதையாக, ஆனால் விடாமல் கேட்கலாம். பள்ளிப் பிள்ளைகள் நண்பகல் நேரத்தில் பாதுகாப்பாக ஓரத்தில் நின்று, ஒரு கார் நிறுத்துமிடத்தில் எத்தனை கட்டத்தில் நிழல் விழுகிறது என்று எண்ணி எழுதிக் கொண்டுபோனால், அந்தத் தாள் பெரியவர்களின் பேச்சைவிட நன்றாகப் பேசும்.

நிழல் தருவது அரசரின் அறமாக இருந்த காலம் உண்டு. கடைக்காரர்மேல் சுமத்தப்பட்ட சட்டமாக அது மாறியது 20ஆம் நூற்றாண்டில். சட்டத்தால் ஒரு குழியைத் தோண்ட வைக்க முடியும். அந்தக் குழியில் வைத்த கன்றுக்குப் பதினைந்து ஆண்டும் தண்ணீரும் கவனமும் தரப் பக்கத்தில் வாழும் மக்கள்தாம் வேண்டும். அந்த மக்களில் நாமும் இருப்போம்.